வாய்க்காலில் பிடித்த கில்லி மீன்: விலாவில் புள்ளி இருந்தால் டேயியா?

கார்த்திகை 8, கேள்வி

இரணைமடு இடதுகரை வாய்க்காலில் அத்தாங்கில் ஏறினது. நீளம் 4 செ.மீ. மட்டில். நெற்றியில் வெள்ளிப் பொட்டு, முதுகுத் துடுப்படியில் கறுப்பு, வாலுக்குக் கிட்ட விலாவில் ஐந்து கரும்புள்ளி. கில்லி மீனில் புள்ளி இருந்தால் அப்லோகைலஸ் டேயி என்ற இனம், இல்லாவிட்டால் அப்லோகைலஸ் பார்வஸ் என்று வாசித்திருக்கிறேன். அப்படியென்றால் வன்னியிலும் டேயி இருக்கிறது என்றுதானே பொருள்? வலப்பக்கப் படம் ஒன்று போட்டிருக்கிறேன்.

கார்த்திகை 8, இரவு, பதில்

தம்பி, பெயரை இன்னும் எழுதாதீங்கோ. புள்ளியைக் கடைசியாகப் பாருங்கோ. முதலில் இது கில்லியா என்பது தீர வேண்டும்.

நெற்றிப் பொட்டு பேரினத்தைச் சொல்லும், இனத்தைச் சொல்லாது. டேயிக்கும் உண்டு, பார்வஸுக்கும் உண்டு, இந்தியாவின் லினியாட்டஸுக்கும் உண்டு. பொரித்துச் சில நாளான குஞ்சிலேயே மேலிருந்து பார்த்தால் மினுங்கும். அதற்கடுத்தது முதுகுத் துடுப்பு நிற்கிற இடம். அப்லோகைலஸில் அது சின்னத் துடுப்பு, வாலை ஒட்டினாற்போல மிகவும் பின்னுக்கு நிற்கும். கீழே உள்ள குதத் துடுப்பு நீளமானது. முதுகுத் துடுப்பு அதன் பின்பாதிக்கு நேர் மேலே தொடங்கும். தட்டையான தலை, மேல்நோக்கித் திறக்கும் வாய். இவ்வளவும் உங்கள் படத்தில் இருக்கின்றன. ஆகவே அப்லோகைலஸ் என்பதில் சந்தேகமில்லை.

இடப்பக்கப் படம் இல்லாமல் அதற்கு அப்பால் போக முடியாது. இடப்பக்கத்தைப் போடுங்கோ.

கார்த்திகை 8, இன்னும் இரவு

மேலே எழுதாமல் விட்டது. இலங்கைக்கு மூன்று பெயர்கள் வழக்கில் உள்ளன. ஸ்டைண்டாக்னர் 1892இல் பெயரிட்ட டேயி, மெய்ன்கன் 1966இல் பெயரிட்ட வெர்னெரி, சுந்தரராஜ் 1916இல் சென்னை மீன்களைப் பற்றி எழுதியபோது பெயரிட்ட பார்வஸ். டேயியும் வெர்னெரியும் தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலான ஓடைகளுக்கு உரியவை. வெர்னெரி தனி இனமா, டேயியின் கிளையினமா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. ஆகவே அவை இரண்டையும் படத்தில் புள்ளி எண்ணிப் பிரிக்க நாங்கள் மினக்கெட வேண்டாம். பார்வஸ்தான் தாழ்நில உலர்வலயத்து மீன். குளம், மோட்டை, வயல் வாய்க்கால், களப்போரத்து உவர்நீர் எல்லாவற்றிலும் நிற்கும்.

பரம்பல் வரைபடத்தை மட்டும் வைத்து மீனுக்குப் பெயர் வைக்கக்கூடாதுதான். ஆனால் கிளிநொச்சியில் டேயி என்று சொல்பவருக்குச் சான்றுச் சுமை கூட. ஒரு மீனின் ஒரு பக்கப் படம் அதற்குப் போதாது.

கார்த்திகை 9

அடையாளங்களை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்று கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பேரினம், பிறகு ஆணா பெண்ணா, பிறகு வயது, அதற்குப் பிறகுதான் கோலம், அதாவது உடம்பின் புள்ளியும் பட்டையும். ஆண் பெண் தெரியாமல் கோலத்தை ஒப்பிட்டால் ஒரே இனத்து ஆணும் பெண்ணும் இரண்டு இனமாகத் தெரியும்.

ஆணின் குதத் துடுப்பு நீண்டு, பின் நுனி கூராக இருக்கும். பெண்ணில் அது வட்டமாக முடியும். பெண்ணின் வயிறு முட்டைக் காலத்தில் புடைத்திருக்கும். முதுகுத் துடுப்படிக் கறுப்பு பெண்ணுக்குரியது.

பார்வஸின் விலாவில் செதில் வரிசைகளோடு ஓடும் முத்துப்போன்ற சின்ன மினுக்கப் புள்ளிகள் உண்டு. வெளிச்சம் ஒரு பக்கத்தால் விழும்போது வெள்ளி, கொஞ்சம் திரும்பினால் பச்சை கலந்த பொன். அவை கறுப்பல்ல. டேயி, வெர்னெரி இரண்டிலும் பார்க்க வேண்டியது உடலின் பின்பாதியில் உள்ள கரும்புள்ளியோ குறுக்குப் பட்டையோ. உருவத்திலும் அவை பெரிதாக வளர்வன. பார்வஸ் 5, 6 செ.மீ.க்கு மேல் போவது அரிது. பார்வஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கே சிறியது என்றுதான் பொருள்.

கார்த்திகை 10

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. "முதுகுத் துடுப்படிக் கறுப்பு பெண்ணுக்குரியது" என்று எழுதிவிட்டேன். லினியாட்டஸில் அது சரியாக வரும். பார்வஸில் குஞ்சிலும் இளம் ஆணிலும் அந்தக் கறுப்பு இருக்கும், ஆகவே அதை மட்டும் வைத்துப் பெண் என்று எழுத வேண்டாம். குதத் துடுப்பின் நுனியைப் பார்த்தே சொல்லுங்கோ. 2.5 செ.மீ.க்குக் குறைந்த மீனுக்கு "இளம், பால் தெரியவில்லை" என்று எழுதினால் போதும்.

கார்த்திகை 11, கேட்டவர்

அண்ணை, இடப்பக்கம் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் இரண்டு புள்ளிதான். அதுவும் வேறு இடத்தில், ஒன்று செவுள் மூடியில், மற்றது துடுப்பில். இது என்ன?

கார்த்திகை 11, மாலை

இதற்காகத்தான் இடப்பக்கம் கேட்டது. உங்கள் மீனின் உடம்பில் இருப்பது கோலமில்லை, ஒட்டுண்ணி. தட்டைப்புழு ஒன்றின் குடம்பி தோலுக்குள் புகுந்து கூடு கட்டிக்கொள்ளும். மீனின் உடம்பு அந்தக் கூட்டைச் சுற்றிக் கருநிறத்தைச் சேர்க்கும். நாங்கள் காண்கிற கறுப்பு அதுதான். நத்தையில் வளர்ந்து, மீனுக்கு வந்து, மீனைத் தின்கிற கொக்குக்கோ மீன்கொத்திக்கோ போகிற புழு. குளத்தில் மூன்றுக்கும் பஞ்சமில்லை.

பிரித்தறிவது இப்படி. இயற்கைக் கோலம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒத்திருக்கும். சரிநுணுக்கமாக ஒத்திருக்காது, ஒரு பக்கம் ஆறு பட்டை மறுபக்கம் ஏழு என்று வரலாம், ஆனால் இடமும் ஒழுங்கும் ஒன்றாக இருக்கும். ஒட்டுண்ணிப் புள்ளி கண்ட கண்ட இடத்தில் விழும், துடுப்புச் சவ்விலும் கண் ஓரத்திலும்கூட. டோர்ச்சை மீனின் தலைப்பக்கம் தாழ்த்தி, விலாவை உரசினாற்போல ஒளியை விடுங்கோ. ஒட்டுண்ணி என்றால் எள்ளை ஒட்டிவைத்ததுபோல ஒரு சின்ன மேடு தெரியும், அதற்குப் பின்னால் ஊசிமுனை அளவு நிழல் விழும். கோலம் என்றால் மேடே இல்லை, நிறம் செதிலின் விளிம்போடு சேர்ந்து நிற்கும்.

குதத் துடுப்பு வட்டமாக முடிகிறது, வயிறு புடைத்திருக்கிறது. அப்லோகைலஸ் பார்வஸ், பெண்.

கார்த்திகை 13

இங்கே வருகிற படங்களில் பாதி கையில் பிடித்து எடுத்தவை. கையில் எடுத்த மீன் வெளிறும், துடுப்பை மடக்கும். அதில் ஒன்றும் சொல்ல முடியாது. ஆளுக்கொரு படத்தொட்டி செய்து வைத்திருங்கோ.

4 மி.மீ. கண்ணாடி. முன்னும் பின்னும் 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரமான இரண்டு துண்டு. இடையில் அகலம் 4 செ.மீ. போதும். சிலிகோனால் ஒட்டி இரண்டு நாள் காயவிட்டு, ஒரு நாள் தண்ணீர் நிரப்பி வைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாவியுங்கோ. காயாத சிலிகோன் புளித்த மணம் விடும், அந்த மணம் இருக்கும்வரை மீன் போடக்கூடாது. உள்ளே நுழையக்கூடிய இன்னொரு கண்ணாடித் துண்டு வேண்டும், 14 செ.மீ.க்கு 10. அதை மீனுக்குப் பின்னால் இறக்கி, முன் கண்ணாடியை நோக்கி மெல்லத் தள்ள வேண்டும். மீன் திரும்ப முடியாத அளவுக்கு இடம் ஒடுங்கினால் போதும், நெருக்கக்கூடாது. விளிம்பெல்லாம் மண்தாளால் தேய்த்துவிடுங்கோ, இல்லாவிட்டால் கையையும் வெட்டும் மீனையும் வெட்டும்.

பின்னால் சாம்பல் நிற மட்டை. கறுப்பு மட்டை வைத்தால் மினுக்கப் புள்ளி அழகாக வரும், ஆனால் கரும்பட்டை மறைந்துபோகும். வெள்ளை மட்டையில் மங்கலான பட்டை வெளுத்துவிடும். முன் கண்ணாடியின் அடியில் மில்லிமீற்றர் கோடுள்ள தாளை ஒட்டுங்கோ.

தண்ணீர் மீன் பிடித்த இடத்துத் தண்ணீராக இருக்க வேண்டும், துணியால் வடித்தது. கலங்கலாக இருந்தால் போத்தலில் அரை மணித்தியாலம் அடையவிட்டு மேல்தண்ணீரை எடுங்கோ. ஒளி பக்கவாட்டாக மேலிருந்து சரிந்து விழட்டும். கமராவின் நேர் ஃபிளாஷ் போட்டால் செதில் முழுக்க வெள்ளையாகத் தெறிக்கும், முத்துப்புள்ளி எது வெறும் பளபளப்பு எது என்று பிரிக்க முடியாது.

ஒரு மீனுக்கு ஐந்து படம்: இடம், வலம், மேலிருந்து நெற்றி, விரித்த முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும், வால். மீன் துடுப்பை விரிக்காவிட்டால் நடுக் கண்ணாடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கோ, நிலைகொள்ள முயலும்போது தானாக விரிக்கும். தொட்டியின் வாய்க்கு மேலே ஒரு மூடி கட்டாயம். கில்லி மீன் துள்ளுவதற்கென்றே பிறந்தது, இரண்டு விரல் இடைவெளி போதும் அதற்கு.

கார்த்திகை 14

தொட்டி பற்றி இரண்டு விடயம் விட்டுப்போயிற்று. வெயிலில் வைத்து எடுக்க வேண்டாம். அவ்வளவு சின்னத் தண்ணீர் வன்னி வெயிலில் சில நிமிடத்தில் சூடேறிவிடும். மரநிழலில் வைத்து ஐந்து நிமிடத்துக்குள் முடித்து, பிடித்த இடத்திலேயே விடுங்கோ. குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது, குளோரின் செவுளை அரிக்கும்.

கார்த்திகை 15, இன்னொருவர்

நந்திக்கடல் ஓரத்தில் பிடித்தது. நெற்றிப் பொட்டு இல்லை, கண் நீலமாக மினுங்குது. உடம்பு கண்ணாடிபோல, முள்ளந்தண்டு தெரியுது. ஒன்றின் வயிற்றடியில் முட்டைக் குலை தொங்குது. இதுவும் கில்லியா?

கார்த்திகை 16

இல்லை, அது ஒரைசியஸ், நெல்வயல் மீன் என்று சொல்லப்படுகிற கூட்டம். முன்பு கில்லிகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள், இப்போது வேறு வரிசையில், முரல் மீன்களுக்குக் கிட்ட வைக்கிறார்கள். குதத் துடுப்பு கில்லியுடையதைவிட நீளம். முட்டையிட்ட பெண் அந்த முட்டைகளை நூலில் கோத்த மணிக்குலைபோலச் சில மணித்தியாலம் காவித் திரிந்துவிட்டுப் பிறகு செடியில் உரசி ஒட்டும். அந்தக் குலையைக் கண்டால் வேறு யோசனை வேண்டாம்.

உவர்நீரில் பிடித்ததால் மட்டும் கில்லி இல்லை என்று சொல்லிவிடாதீங்கோ. சுண்டிக்குளம், கொக்கிளாய்ப் பக்கத்து உவர்நீரோரங்களில் பார்வஸையும் எதிர்பார்க்கலாம். அங்கே இரண்டும் ஒரே வலையில் வந்தாலும் நெற்றியைப் பார்த்தால் பிரிந்துவிடும்.

வாய்க்காலில் குழம்ப வைக்கிற மற்றது கப்பி. நுளம்புக் குடம்பிக்காகக் கிணறு, கான் எல்லாவற்றிலும் விட்டது இப்போது எங்கும் நிற்கிறது. கப்பியின் முதுகுத் துடுப்பு முதுகின் நடுவுக்குக் கிட்ட நிற்கும், நெற்றிப் பொட்டு இல்லை, பெண்ணின் குதத்துக்கு மேலே வயிற்றில் கருந்திட்டு தெரியும், ஆணின் குதத் துடுப்பு ஒரு குச்சிபோல ஒடுங்கியிருக்கும். அந்தக் கருந்திட்டைத்தான் சிலர் கில்லியின் புள்ளி என்று எழுதுகிறார்கள்.

கார்த்திகை 20

வவுனியாவில் ஒரு சீமெந்துத் தொட்டியில் முழுப் பொன்நிறக் கில்லி என்று படம் வந்திருக்கிறது. அது காட்டு மீன் இல்லை. லினியாட்டஸின் பொன்நிற வளர்ப்பு வகை, அலங்கார மீன் கடைகளில் விற்பது. 10 செ.மீ. வரை வளரும், வாய்க்கு அடங்கிய எந்த மீனையும் விழுங்கும். தயவுசெய்து அதை வாய்க்காலிலோ குளத்திலோ விடாதீங்கோ. வேண்டாமென்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கோ. ஒரு குளத்தில் அது பிடித்துவிட்டால், பிறகு அங்கே "பட்டையுள்ள பெரிய கில்லி" என்று வருகிற ஒவ்வொரு படத்தையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு, அந்தக் குளத்துப் பார்வஸ் அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

கார்த்திகை 23

காலபோக மழையோடு வயலில் கில்லி வந்துவிட்டது, ஆகவே அது மண்ணுக்குள் முட்டையாகக் கிடந்து முளைத்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது ஆபிரிக்காவின் நொத்தோபிராங்கியஸ் போன்ற ஓராண்டுக் கில்லிகளின் கதை. அவற்றின் முட்டை காய்ந்த சேற்றில் மாதக்கணக்கில் உறங்கும். எங்கள் அப்லோகைலஸ் அந்த வகை இல்லை. நீரில் மிதக்கும் வேர்களிலும் பாசியிலும் ஒட்டும் நூலுள்ள முட்டையாக இடும், இரண்டு கிழமை மட்டில் பொரிக்கும். கோடையில் குளம் வற்றும்போது துருசடிக் குழியிலும் ஆற்று மடுவிலும் ஒதுங்கி நிற்கும். குளம் நிரம்பி வான் பாய்ந்தவுடன் விரல்தடிப்புத் தண்ணீரிலும் ஏறி வயலுக்குப் போய்விடும். வயலில் கண்ட மீன் எந்த வாய்க்காலின் மீன் என்று மேலே தேடிப் போய்ப் பார்த்தால் இடக் குறிப்பு சரியாக வரும்.

இதனால் அடையாளத்துக்கும் ஒரு பயன். ஆவணி, புரட்டாதியில் குழியில் ஒதுங்கினவை மெலிந்து வெளிறியிருக்கும். தை, மாசியில் எடுத்த ஆண்களில்தான் நிறம் வடிவாக வரும். இரண்டு குளத்து மீனை ஒப்பிடுவதென்றால் ஒரே மாதத்தில் எடுத்ததை ஒப்பிடுங்கோ.

கார்த்திகை 28

துடுப்புக் கதிர் எண்ணுவது எப்படி என்று கேட்டீர்கள். துடுப்பு விரிந்த படத்தைப் பின்ஒளியில் எடுங்கோ, படத்தொட்டிக்குப் பின்னால் வெள்ளைத் தாள், தாளுக்குப் பின்னால் டோர்ச். கதிர்கள் நுனியில் கிளைக்கும், ஆகவே அடியில் எண்ண வேண்டும். கடைசி இரண்டு கதிரும் ஒரே அடியிலிருந்து வந்தால் ஒன்று என்று கணக்கு. மூன்று முறை எண்ணி, மூன்றும் ஒத்தால் எழுதுங்கோ. நீளம் அளப்பது மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடிவரை. வால் கிழிந்த மீனில் முழு நீளம் பொய் சொல்லும்.

செத்த மீனை மதுசாரத்தில் போட்டு வைத்துவிட்டு நிறத்தைக் கேட்டால் பயனில்லை. மஞ்சளும் சிவப்பும் சீக்கிரம் போய்விடும், கறுப்புத்தான் நிற்கும். அதனால் போத்தல் மீன் எப்போதும் இருப்பதைவிடப் புள்ளி கூடினதாகத் தெரியும். போத்தலுக்குப் போகும் முன் உயிரோடு எடுத்த படம் வேண்டும். வனசீவராசிகள் காப்பிடங்களுக்குள், மடு வீதி, கட்டுக்கரைக்குளம், சுண்டிக்குளம் எல்லாவற்றிலும், அனுமதி இல்லாமல் வலை போடவே கூடாது. கரையில் நின்று படம் எடுங்கோ.

மார்கழி 3

8ஆம் திகதிக் குறிப்பைத் திரும்ப வாசித்தேன். முதுகுத் துடுப்பு "குதத் துடுப்பின் பின்பாதிக்கு மேலே" என்றது விரிந்த துடுப்புக்கு. மடங்கிய துடுப்பில் அடி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், கப்பியையும் கில்லி என்று எழுதிவிடலாம். துடுப்பு மடங்கிய படத்தை அந்த அடையாளத்துக்கு எடுக்க வேண்டாம்.

இரவில் தேடுகிறவர்களுக்கு ஒன்று. டோர்ச் ஒளியில் அலைகரையில் கில்லியின் நெற்றிப் பொட்டு சின்னச் சின்ன வெள்ளிப் பொறியாகத் திரும்ப மினுங்கும், அசையாமல் மேல்நீரில் நிற்கும். அதைவிட அகலமாக, சிவப்பாக, சோடியாக மினுங்கினால் அது முதலைக் கண். இரவில் தண்ணீருக்குள் கால் வைக்காதீங்கோ, தனியாகவும் போகாதீங்கோ.

மார்கழி 7, முதல் கேட்டவர்

அண்ணை, படத்தொட்டி செய்துவிட்டேன். வாய்க்காலில் ஏழு, அக்கராயனில் நான்கு, பாலியாற்றில் ஒன்று, மொத்தம் 12. ஐந்தைந்து படம் போட்டிருக்கிறேன். கடைசி மீனில் பின்பாதியில் மங்கலாகக் குறுக்குப் பட்டை தெரியுது, இரண்டு பக்கமும்.

மார்கழி 8

நல்ல வேலை தம்பி. முதல் பதினொன்றும் பார்வஸ்: ஆண் நான்கு, பெண் ஐந்து, இளம் இரண்டு. அக்கராயன் மூன்றாவது மீனின் செவுளில் இருப்பது ஒட்டுண்ணிப் புள்ளி, உங்கள் முதல் மீனில் கண்டதுதான்.

பாலியாற்று மீனைப் பல தடவை பார்த்தேன். பட்டை இரண்டு பக்கமும் ஒத்த இடத்தில் வருகிறது, மேடு இல்லை. ஆகவே ஒட்டுண்ணி இல்லை. ஆனால் மீனின் நீளம் 2.3 செ.மீ., குதத் துடுப்பின் நுனி இன்னும் உருவாகவில்லை, படம் பிடித்து இரண்டு நிமிடத்தில் எடுத்தது. இளமையும் பயமும் சேர்ந்த கோலத்தை வைத்து இனம் சொல்ல மாட்டேன். அதே மடுவில் 4 செ.மீ.க்கு மேற்பட்ட ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் வேண்டும். பிடித்து, மூடிய வாளியில் நிழலில் அரை மணித்தியாலம் விட்டு, அமைதியானபின் எடுங்கோ. இப்போதைக்குப் பட்டியலில் இப்படி எழுதியிருக்கிறேன்: பாலியாறு, 1, அப்லோகைலஸ், இளம், இனம் எழுதவில்லை.

மார்கழி 8, முதல் கேட்டவர்

ஆறு இப்ப பெருகி ஓடுது அண்ணை. தண்ணி இறங்கினவுடன் போறன்.